பூனை இல்லாத படம்

திரையில் பூனை குதித்ததும், "நிறுத்துங்க" என்றாள் சுடர்விழி.

படம் நின்றது. மீன் பெட்டிகளின் மேலிருந்து பாய்ந்த சாம்பல் நிறப் பூனை, நான்கு காலும் விரிய அந்தரத்தில் தொங்கியது. அதற்குக் கீழே சூசை மிக்கேல் என்ற மனிதன் ஒரு கையில் போனும் மறு கையில் ஸ்பேனருமாக வாய் பிளந்து நின்றான். நிஜ சூசை மிக்கேல் செத்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

"இந்தப் பூனை எங்கேர்ந்து வந்தது?"

தயாளன் சிரித்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். யாரிடமும் குரல் உயர்த்தாத ஆள். தரமணியில் எட்டாவது மாடியில் இருந்த அந்த நிறுவனம் அவனுடையது. "மீன் ஆலையில பூனை இருக்காதா மேடம்?"

"இருக்கும். அன்னைக்கு இருந்துச்சா?"

தயாளன் மேஜை மேலிருந்த தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

சுடர்விழிக்கு ஐம்பது வயது. குழந்தைகளுக்கான அனிமேஷன் தொடர்களில் இருபத்திரண்டு வருடமாகக் கதை திருத்துகிறவள். படம் வரையத் தெரியாது. சொந்தமாகக் கதை எழுதவும் வராது என்று அவளே சொல்லுவாள். எழுதிக்கொண்டு வருகிறவர்களிடம் "ஏன்?" என்று கேட்பதுதான் அவளுடைய உத்தியோகம். அணில் ஆற்றில் மூழ்கப்போகிற சமயம் பார்த்து ஒரு வாழைமட்டை மிதந்து வருகிறதா? ஏன் வருகிறது? யார் வெட்டிப் போட்டார்கள்? காரணம் இல்லாவிட்டால் பார்க்கிற குழந்தை அணிலை மறந்துவிடும், மட்டையையே பார்க்கும். முந்தின காட்சியில் ஒரு காற்றை வைத்துக் கரையோர வாழையைச் சாய்த்துவிட்டால் மட்டைக்குக் காரணம் கிடைத்துவிடும். குழந்தை மறுபடி அணிலுக்காகப் பதறும். துருத்துவது எது என்று சொல்லிவிட்டு அவள் நிறுத்துவதில்லை. அதை எப்படிப் பொருத்துவது என்றும் எழுதிக் கொடுப்பாள். அந்தக் கைப்பழக்கத்துக்காகவே வடபழனியிலிருந்த ஸ்டுடியோக்காரர்கள் அவளைத் தேடி வந்தார்கள்.

தயாளன் தேடி வந்ததும் அதற்காகத்தான். ஆனால் அவன் எடுப்பது குழந்தைப் படம் இல்லை, மீள்காட்சி. ஓர் ஆலையில் விபத்து நடந்தால், அங்கிருந்த கருவிகளின் பதிவுகளை எல்லாம் ஒரு கணினிப் பொறியிடம் கொடுக்கிறார்கள். நடந்ததை அது அப்படியே அனிமேஷன் படமாக வரைந்து தருகிறது. அதை விசாரணை ஆணையங்கள் சாட்சியமாக ஏற்கலாம் என்று சட்டம் வந்து நான்கு வருடம் ஆகிறது. படத்தைத் தயாரிக்கிறவரை, விபத்து நடந்த ஆலையே அமர்த்திக்கொள்ளலாம் என்றும் அதே சட்டம் சொல்லியது.

இந்தப் படம் தூத்துக்குடியில் முத்தலை மீன் ஆலையில் நடந்த அம்மோனியாக் கசிவைப் பற்றியது. இறால் உரிக்கும் அறையில் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். ஐந்து பேர் பிழைத்தார்கள். ஏழு பெண்களும், குளிர்சாதன இயந்திரம் பார்த்துக்கொண்ட சூசை மிக்கேலும் செத்துப்போனார்கள்.

"பொறி பொய் சொல்லாது மேடம்," என்றான் தயாளன். "ரெண்டு முப்பத்தெட்டுக்கு அவருக்கு வீட்லேர்ந்து போன் வந்தது உண்மை. கொஞ்ச நேரத்துல வால்வு பிச்சுக்கிட்டது உண்மை. நடுவுல கேமரா கிடையாது. அந்த நடுவுல என்ன நடந்திருக்க வாய்ப்பு அதிகமோ, அதை வரையுது."

"வாய்ப்பு அதிகம்னு அதுக்கு யார் சொன்னாங்க?"

"லட்சக்கணக்கான படம் பார்த்துக் கத்துக்கிட்டிருக்கு."

"என்ன படம்?"

"சுலபமா உரிமம் கிடைச்சது குழந்தைங்க கார்ட்டூன்தான்."

சுடர்விழி திரையைத் திரும்பிப் பார்த்தாள். பூனை இன்னமும் தொங்கிக்கொண்டிருந்தது. முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. மறு கணமே, சிரிப்பு வந்ததற்காகத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. எட்டு உயிர் போயிருக்கிறது. அதற்கு இவர்கள் பூனை விட்டிருக்கிறார்கள். பூனையைப் பார்த்துப் பதறி ஸ்பேனரை நழுவவிடுகிறான், குனிகிறான், முழங்கை பட்டு வால்வு உடைகிறது. அலாரத்தின் பேட்டரி அந்த நிமிடம் பார்த்துத் தீர்ந்துபோகிறது. இறால் அறையின் கதவைக் காற்று அடித்துச் சாத்துகிறது. தாழ்ப்பாள் தானாக விழுகிறது.

"கேமராவுல படம் பிடிச்சா காற்று தானா அடிக்கும் தயாளன்," என்றாள். "அதுக்கு யாரும் பொறுப்பில்ல. வரையிற படத்துல ஒரு இலை அசையணும்னாகூட யாராவது அசைக்கணும். இதுல தற்செயல்னு ஒண்ணு கிடையவே கிடையாது. ஒவ்வொரு தற்செயலும் ஒருத்தர் செஞ்சது."

"அதேதான் மேடம்! பத்துப் பேருக்குப் போட்டுக் காட்டினோம். பூனை வந்ததும் மூணு பேர் சிரிச்சுட்டாங்க. சினிமா மாதிரி இருக்குன்னாங்க. எங்கெங்க துருத்துதுன்னு நீங்க சொன்னாப் போதும்."

"சொன்னா என்ன செய்வீங்க?"

"சரி செய்வோம்."

அந்தச் சொல்லை அவள் தன் மனசுக்கு ஏற்ப எடுத்துக்கொண்டாள். துருத்துகிற இடமெல்லாம் பதிவு இல்லாத இடம். அங்கே போய் விசாரிப்பார்கள், இல்லாவிட்டால் தெரியாது என்று போடுவார்கள் என்று நினைத்தாள். எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சாலிகிராமத்தில் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அறிக்கையை எழுதினாள். வழக்கம்போல் தாளை நெடுக்காக இரண்டாகப் பிரித்துக்கொண்டாள். இடப்பக்கம் துருத்துவது. வலப்பக்கம் எப்படி இருந்தால் பொருந்தும் என்பது. மொத்தம் ஒன்பது இடங்கள். எட்டு இடங்களுக்கு இரண்டு பக்கமும் நிரம்பிவிட்டன. ஓர் இடம் மட்டும் இடித்தது. போன். திரையில் சூசை மிக்கேல் போனைக் காதில் வைத்து, தலையைச் சாய்த்து, கடகடவென்று சிரிக்கிறான். அந்தச் சிரிப்பு அவளைத் தொந்தரவு செய்தது. பதிவின்படி பதினான்கே விநாடி நடந்த பேச்சில் ஒரு மனிதன் எதற்கு அப்படிச் சிரிப்பான்?

தயாளனிடம் சொல்லாமல் தூத்துக்குடிக்கு ரயில் ஏறினாள்.

சூசை மிக்கேலின் மனைவி ரெஜினா குடியிருந்த சந்தில் நுழையும்போது நாலைந்து பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமி காதில் கையை வைத்துத் தலையைச் சாய்த்து "ஹலோ" என்று சிரித்தாள். மற்றவர்கள் எல்லாரும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்தார்கள். பிறகு வேறொருத்தியின் முறை. சுடர்விழி அப்படியே நின்றுவிட்டாள். போட்டுக் காட்டிய பத்துப் பேரில் யாரோ ஒருவர் அந்தத் துண்டைப் போனில் எடுத்திருக்கிறார். அது ஊரெல்லாம் சுற்றியிருக்கிறது.

ரெஜினா பள்ளிக்கூடத்துச் சீருடைகள் தைக்கிறவள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். நிலையில் கை ஊன்றி நின்றே பேசினாள்.

"நீங்க யாரு? டிவியா?"

"இல்லம்மா. அந்தப் படத்தைப் பார்த்து எங்க தப்பு இருக்குன்னு சொல்ற வேலை எனக்கு."

"அதுக்கு ஒரு ஆளு வேணுமாக்கும். படம் முழுக்கத் தப்புதான்."

"போன்ல என்ன பேசினீங்கன்னு தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்."

ஏழு மாதத்தில் இதை யாரும் கேட்கவில்லை போலும். ரெஜினா உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்து போட்டாள்.

"ரெண்டரைக்கு ஷிப்ட் முடியும். முடிஞ்சிருக்கும்னுதான் கூப்பிட்டேன். சிலிண்டர்காரன் வாசல்ல நிக்கான், போனுக்கு வந்த நம்பரச் சொன்னாத்தான் இறக்குவேன்னுட்டான். அது அவிய போனுக்குத்தான் வரும். 'ஏங்க, சிலிண்டர் வந்திருக்கு, நம்பரச் சொல்லுங்க'ன்னேன். 'வாசம் அடிக்கி ரெஜி, பொறவு பேசுதேன், வை'ன்னாவ. அவ்வளவுதான். சிரிக்கவே இல்ல. அந்தப் படத்துல என்னா சிரிப்பு சிரிக்காவ! எங்கிட்ட போன்ல சிரிச்சு எத்தன வருசமாச்சுன்னு எனக்குல்லா தெரியும்."

சொல்லிவிட்டு எதிர் வீட்டைக் காட்டினாள். "அது பிரகாசி அக்கா வீடு. அவ மக ஜெனிட்டாவும் உள்ளதான் கெடந்தா. எங் கல்யாணத்துக்கு எனக்குத் தலை சீவிவிட்டது அக்காதான். இப்ப நான் குழாயடிக்கு வந்தா குடத்தத் தூக்கிட்டு உள்ள போயிருதா. நான் போன் பண்ணினதாலதான் எட்டு பேரு செத்தாகளாம். ஊரே சொல்லுது."

"போலீஸ்ல சொல்லலையா?"

"சொன்னேனே. மூணு வாரமா வால்வுல கசியுது, ஆபீஸ்ல சொல்லிச் சொல்லி வாய் வலிக்கின்னு அவிய புலம்பினதக்கூடச் சொன்னேன். பதிவுல பதினாலு செகண்டுன்னுதான் இருக்கு, பேச்சு இல்லன்னுட்டாங்க."

சுடர்விழி அவள் சொன்னதை ஒரு சொல் மாறாமல் எழுதிக்கொண்டாள். "இது படத்துல வரும்மா. நான் வர வைக்கிறேன்," என்றாள்.

சென்னைக்குத் திரும்பி ஒன்பதாவது இடத்தையும் எழுதி முடித்தாள். மனைவி சொன்ன சொற்களை அப்படியே போட்டு, 'இவற்றைப் படத்தில் சேர்க்கவும்' என்று அடிக்கோடிட்டாள். கடைசித் தாளில், 'வலப்பக்கத்தில் இருப்பவை உதாரணங்கள்தான். விசாரித்து உண்மையைப் போடவும்' என்றும் எழுதினாள். தயாளன் அறிக்கையைப் புரட்டிப் பார்த்து, "இதைத்தான் மேடம் நான் தேடிக்கிட்டிருந்தேன்" என்று கைகூப்பினான்.

இரண்டு மாதம் கழித்துத் தூத்துக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆணையத்தின் விசாரணை நடந்தது. அவளை யாரும் கூப்பிடவில்லை. ரெஜினாவுக்குக் கொடுத்த வாக்கு நிறைவேறுவதைப் பார்க்கவே போயிருந்தாள். கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. முன்வரிசையில் ரெஜினா தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரு பக்கமும் நாற்காலிகள் காலி. நடைபாதைக்கு மறுபக்கம் செத்துப்போன பெண்களின் குடும்பங்கள். மணமேடையில் ஓய்வு பெற்ற நீதிபதி கோமதிசங்கரி. அவருக்குப் பக்கத்தில் திரை.

படம் ஓடத் தொடங்கியது.

பூனை இல்லை. சிரிப்பு இல்லை. சூசை மிக்கேல் போனை எடுக்கிறான். மூக்கைச் சுளிக்கிறான். "வாசம் அடிக்கி ரெஜி, பொறவு பேசுதேன், வை," என்கிறான். அதே ஊர்ப் பேச்சு, அதே சொற்கள். சுடர்விழிக்கு மெய் சிலிர்த்தது. வந்துவிட்டது என்று நினைத்தாள்.

படம் மேலே போயிற்று. போனை வைத்தவன் சுற்றுமுற்றும் பார்க்கிறான். வால்வு கசிவதை மூன்று வாரம் முன்பே கண்டவன் அவன். சரி செய்ய வேண்டியதும் அவன்தான், தட்டிக் கழித்துவிட்டான். இப்போது வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். யாரையும் கூப்பிடாமல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தானே முறுக்கப் போகிறான். அலாரம் கத்தினால் மாட்டிக்கொள்வோமே என்று அதன் வயரைப் பிடுங்கிவிடுகிறான். நெற்றியில் வியர்வை. அளவுக்கு மேல் முறுக்குகிறான். வால்வு உடைகிறது.

எல்லாமே பொருந்தியது. எங்கேயும் எதுவும் துருத்தவில்லை. மண்டபத்தில் ஒரு செருமல்கூடக் கேட்கவில்லை. நல்ல படம். பார்த்துக்கொண்டிருந்த சுடர்விழியே ஒரு கணம் அதை நம்பினாள். 'ஐயோ, யாரையாவது கூப்பிட்டிருக்கக் கூடாதா' என்று அவனுக்காக மனம் பதறியது. அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. அந்தப் பயம் அவள் எழுதியது. வலப்பக்கம், நான்காவது இடம்: 'முழங்கை படுவது பலவீனம். அவனுக்கு மறைக்க ஏதாவது இருந்தால் தனியாகப் போவதற்குக் காரணம் கிடைக்கும்.' வயர் ஐந்தாவது இடம்.

இறால் அறை திரையில் வந்தது. அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஏழாவது இடம்: 'காற்று கதவைச் சாத்துவது நம்பும்படி இல்லை. குளிர் வெளியே போகாமலிருக்க உள்ளே இருப்பவர்களே தாழ் போட்டிருக்கலாம்.' திரையில் ஓர் இளம்பெண் இறால் கூடையைக் கீழே வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் தாழிட்டாள்.

"எம் மவ தாப்பா போடலய்யா!"

ஜெனிட்டாவின் அம்மா பிரகாசி எழுந்து நின்று கத்தினாள். "எம் மவளயே கொலகாரி ஆக்கிட்டீகளே! அது உள்ள தாப்பா இல்லாத கதவுய்யா! போய்ப் பாருங்கய்யா!"

இரண்டு பெண்கள் அவளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். ரெஜினா கத்தவில்லை. திரும்பி, வரிசை வரிசையாகத் தேடி, கடைசி வரிசையில் சுடர்விழியைக் கண்டுபிடித்தாள். தான் ஒரே ஓர் ஆளிடம் நம்பிச் சொன்ன சொற்கள், தன் புருஷன் வாயில் கொலைக் குற்றத்துக்கு முன்னுரையாக வந்துவிட்டதை அவள் புரிந்துகொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் சுடர்விழி எழுந்தாள். எழுந்த பிறகு உட்காரத் தோன்றவில்லை.

"அம்மா, இந்தப் படம் பொய்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க யாரு?"

"சுடர்விழி. இந்தப் படத்துக்குக் கதை திருத்தினவ."

ஆலையின் வக்கீல் உடனே எழுந்தார். "இவங்க ரகசிய ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டவங்க, வாயைத் திறக்கவே உரிமை கிடையாது. அது போகட்டும். பொய்ங்கிறாங்களே, இந்தப் படத்துல எங்க தப்பு இருக்கு, ஒரு இடம் காட்டச் சொல்லுங்க."

"ஒரு இடமும் இல்ல," என்றாள் சுடர்விழி. "அதான் பொய்ங்கிறேன். இதுக்கு முன்னாடி இருந்த படத்துல ஒம்பது இடம் தப்பு இருந்தது. பூனை இருந்தது. அதைப் பார்த்திருந்தா நீங்களே சிரிச்சிருப்பீங்க. பூனையை எடுத்தது நான்."

கைப்பையிலிருந்து அறிக்கையின் நகலை எடுத்தாள். மேடைக்கு நடந்துபோகிற வழியில் தயாளன் மெல்ல, "மேடம், வேணாம்" என்றான். அவள் நிற்கவில்லை.

"நாலாவது இடத்தைப் படிங்கம்மா. அவருக்கு மறைக்க ஒரு விஷயம் இருந்ததுன்னு படம் சொல்லுது. அப்படி ஒண்ணு தூத்துக்குடியில இல்ல. சாலிகிராமத்துல என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில பிறந்தது. ஏழாவது படிங்க. அந்தப் பொண்ணு போட்ட தாழ்ப்பாளும் நான் எழுதினதுதான். நான் அந்த ஆலையைக் கண்ணால பார்த்தது கிடையாது. ஒரு அணில் கதைக்குக் காரணம் எழுதற மாதிரி எழுதினேன். செத்தவங்களால வந்து மறுக்க முடியாதுன்னு இவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கும் தெரிஞ்சிருக்கணும்."

கடைசி வாக்கியத்தில் அவள் குரல் உயர்ந்தது. கோபம்தான். அதில் பாதிக்கு மேல் அவள்மேலேயே.

நீதிபதி அறிக்கையைப் பத்து நிமிடம் படித்தார். பிறகு தயாளனை அழைத்தார். "உங்க பொறி தானா நிரப்பினது, இந்தம்மா எழுதினது, எல்லாத்தையும் எடுத்துடுங்க. பதிவு இருக்கிறது மட்டும் தெரியணும். மத்த இடமெல்லாம் கறுப்பா இருக்கட்டும்."

"அப்படி எடுத்தா படமே இருக்காதும்மா. யாருக்கும் ஒண்ணும் புரியாது."

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு."

மறுநாள் காட்டப்பட்ட படம் நாற்பது நிமிடம் ஓடியது. ஏறக்குறைய முழுவதும் இருட்டு. ஒலியும் இல்லை. நடுநடுவே ஓர் எண்ணோ, ஒரு நேரமோ, ஒரு பெயரோ வெளிச்சமாக வந்து போகும். அந்தக் கறுப்புத் திரையை மண்டபம் வைத்த கண் வாங்காமல் பார்த்தது.

முதலில் வால்வின் அழுத்தம் வந்தது. இருபத்திரண்டு நாட்களாக அது தாறுமாறாக ஏறி இறங்கியிருந்தது; அலுவலகத்துத் திரைக்குத் தினமும் எச்சரிக்கை போயிருந்தது. அடுத்து அலாரம். விபத்துக்குப் பத்தொன்பது நாள் முன்பே அதை அலுவலகத்திலிருந்து அணைத்திருக்கிறார்கள். இறால் அறைக் கதவு மதியம் ஒரு மணிக்கு வெளியிலிருந்து மின்பூட்டால் பூட்டப்பட்டிருக்கிறது. அன்றைக்கு மட்டும் இல்லை, தினமும். பிரகாசி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பிறகு யாரும் எதிர்பாராத ஒரு வரி திரையில் வந்தது, ஊழியர்கள் ஆலை வாசலில் தேய்க்கும் கார்டின் பதிவிலிருந்து.

இரண்டு முப்பத்தாறு. சூசை மிக்கேலின் கார்டு. வெளியே.

இரண்டு முப்பத்தெட்டு. அழைப்பு. பதினான்கு விநாடி.

இரண்டு நாற்பது. சூசை மிக்கேலின் கார்டு. உள்ளே.

மறுபடி நெடுநேரம் இருட்டு. இரண்டு ஐம்பதுக்கு இறால் அறைக் கதவின் பூட்டிலிருந்து வந்துகொண்டிருந்த சமிக்ஞை அறுந்திருந்தது. யாரோ பூட்டை உடைத்திருக்கிறார்கள். பிழைத்த ஐந்து பெண்களும் அந்த வழியாகத்தான் வெளியே வந்தார்கள். திறந்துவிட்டது யார் என்று கண் எரிச்சலில் தெரியவில்லை என்றுதான் அவர்கள் எல்லாரும் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்.

"நிறுத்துங்க," என்றார் நீதிபதி. "ஷிப்ட் முடிஞ்சு வெளிய போயிட்டாரா? வெளிய நின்னுதான் போன் பேசினாரா?"

தயாளன் எழுந்தான். "பதிவு அப்படித்தான் சொல்லுதும்மா."

"ரெண்டு படத்துலயும் இது ஏன் வரல?"

"பொறி இதைப் பிழைன்னு ஒதுக்கிடுச்சு. அந்த வாசத்துல வெளிய வந்துட்ட ஆள் மறுபடி உள்ள போக ஒரு காரணமும் இல்லைன்னு... கதை சேரலைன்னு..."

வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை. சுடர்விழி தலையைக் குனிந்துகொண்டாள். அவன் சொல்லாமல் விட்டது அவளுக்குத் தெரியும். இந்த வரி மட்டும் முதல் படத்தில் இருந்திருந்தால், பத்தாவது இடமாக எழுதியிருப்பாள்: 'தப்பித்தவன் ஏன் திரும்பி வருகிறான்? காரணம் இல்லை. நீக்கவும்.'

முன்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. பிரகாசி நடைபாதையைக் கடந்து வந்து ரெஜினாவுக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தில் உட்கார்ந்தாள்.

ஆணையத்தின் அறிக்கை மூன்று மாதத்தில் வந்தது. கதவைப் பூட்டச் சொன்ன மேலாளர்மீதும் அலாரத்தை அணைத்தவர்கள்மீதும் வழக்குப் போடச் சொன்னது. நிரப்பி வரைந்த காட்சி எதுவும் இனிச் சாட்சியம் ஆகாது என்றது. ரகசிய ஒப்பந்தத்தை மீறிவிட்டாள் என்று தயாளனின் நிறுவனம் சுடர்விழிமீது வழக்குத் தொடுத்தது; அது இன்னும் நடக்கிறது. ரகசியம் காக்காத ஆளுக்கு எப்படிக் கதை கொடுப்பது என்று வடபழனியிலும் அவளைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

அறிக்கை வெளியான மறுநாள் அவள் தூத்துக்குடிக்குப் போனாள். ரெஜினா வாசலில் உட்கார்ந்து காக்கி நிறக் கால்சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை. உள்ளே வரவும் சொல்லவில்லை. நாற்காலியும் போடவில்லை.

"மன்னிச்சிடும்மா," என்றாள் சுடர்விழி.

"எங்கிட்டருந்து எடுத்துல்லா அவிய வாயில வச்சிட்டீங்க. அத எப்படி மன்னிக்கன்னு எனக்குத் தெரியல." ரெஜினா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "எந்திரிச்சு நின்னு சொன்னீங்க. அதுவும் உண்டு. இல்லன்னு சொல்லல."

சுடர்விழி வெயிலில் நின்றாள்.

"ஒண்ணு கேக்கேன்," என்றாள் ரெஜினா. "வெளிய வந்துட்டாவல்லா. வாசலத் தாண்டி நின்னுதான எங்கிட்ட பேசியிருக்காவ. சிலிண்டர் வந்திருக்குன்னு நான் சொல்லுதேன். நேரா வீட்டுக்கு வர வேண்டியதுதான? எதுக்குத் திரும்பிப் போனாவ? நீங்கதான் காரணம் எழுதுத ஆளாச்சே. சொல்லுங்க."

சுடர்விழிக்கு வாயில் காரணங்கள் வந்து நின்றன. மூன்று, நான்கு. எல்லாம் அழகானவை, அவனைப் பெரிய மனிதனாக்குபவை. ஒவ்வொன்றையும் ரெஜினா சாகும்வரை வைத்துக்கொண்டு அழலாம். எதுவும் துருத்தாது.

"எனக்குத் தெரியாதும்மா," என்றாள்.

ரெஜினா பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"எனக்கும் தெரியல," என்றாள். "தெரியாமலே இருக்கட்டும். யாரும் எழுதித் தர வேண்டாம்."